479 என்று இருந்தால் இலங்கையில் செய்ததா?

தம்பி, கொழும்புக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, பார்கோடு 479 என்று தொடங்கினால் இலங்கையில் செய்த பொருள், 890 என்றால் நம்ம ஊர்ப் பொருள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அதை நம்பிச் சாமான் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம்பாதீர்கள். நானும் தஞ்சாவூரிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த புதிதில் கடையில் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றவன்தான்.

அந்த மூன்று எண், பார்கோடு எண் கொடுக்கிற ஜிஎஸ்1 என்ற அமைப்பின் எந்த நாட்டுக் கிளையில் கம்பெனி பதிந்து எண் வாங்கியது என்பதை மட்டும்தான் சொல்லும். மைசூர் பருப்பையே எடுங்கள். பெயர் மைசூர், கப்பலில் வருவது ஆஸ்திரேலியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ, கொழும்பில் பாக்கெட் போடுகிற கம்பெனி இங்கே பதிந்திருந்தால் மேலே 479! எங்கே விளைந்தது என்று தெரிய வேண்டுமானால் பொடி எழுத்தில் உற்பத்தி நாடு போட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னொன்று, சாதாரண பார்கோட்டுக்குள் விலை கிடையாது. கறுப்புக் கோடு வெளிச்சத்தை விழுங்கும், வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்பும், அந்த மாறி மாறி வருவதை வைத்து ஸ்கேனர் 13 எண்ணைப் படிக்கும், அவ்வளவுதான். (முதல் எண்ணுக்கென்று தனிக் கோடே இல்லை, அடுத்த ஆறு எண்களின் கோட்டு அமைப்பில் அது ஒளிந்திருக்கும். கெட்டிக்கார வேலை.) விலை வருவது கடைக் கம்ப்யூட்டரிலிருந்து. ஒரு கடையில் தட்டில் ஒரு விலை, பில்லில் கூடுதலாக இன்னொரு விலை, கேட்டால் கம்ப்யூட்டரில் இன்னும் மாற்றவில்லையாம். அன்றிலிருந்து பில்லைப் பார்க்காமல் நான் வாசலைத் தாண்டுவதில்லை.

ஸ்டிக்கர் கசங்கி கேஷியர் எண்ணைக் கையால் தட்டும்போது ஒரு எண் தப்பானால் மெஷின் ஏற்காது, கவனித்திருப்பீர்கள். அது கடைசி எண்ணின் வேலை. முதல் 12 எண்ணில் இடமிருந்து ஒற்றை இடத்தில் உள்ளவற்றை அப்படியே, இரட்டை இடத்தில் உள்ளவற்றை மூன்றால் பெருக்கிக் கூட்டுங்கள், அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் 13ஆவது. வீட்டில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் காய்கறி. அதைக் கடையின் காய்கறிப் பகுதியிலேயே எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கோடு பெரும்பாலும் 2இல் தொடங்கும், கடை தானே போடுவது, அதில் மட்டும் எடையோ விலையோ உள்ளேயே இருக்கும். நான் முதல் தடவை கத்தரிக்காயை அப்படியே கேஷியரிடம் நீட்டிவிட்டு, பின்னால் ஒரு வரிசையே முறைத்துக்கொண்டு நிற்க, திரும்ப ஓடினேன்.