வலிப்பு உள்ள குழந்தைக்கு இதயப் பரிசோதனை எதற்கு?

உங்கள் குழந்தைக்கு மரபணு வலிப்பு. டாக்டர் ஈசிஜியும் ஹோல்டரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதயத்திலும் கோளாறா என்று பதறிக் கேட்டிருக்கிறீர்கள். கோளாறு என்று அர்த்தமில்லை. ஆனாலும் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.

என் மகளுக்கு டிராவெட் சிண்ட்ரோம், கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடுமையான மரபணு வலிப்பு நோய். சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். இந்த நோய் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். செல்லுக்குள் சோடியம் நுழைகிற வாசல் ஒன்றை உருவாக்குவது அந்த மரபணுதான். அந்த வாசல் மூளையில் அதிகம், இதயத்திலும் கொஞ்சம் உண்டு. இதே மாற்றம் உள்ள எலிகளுக்கு இதயத்துடிப்பு தாறுமாறானதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் டாக்டர்கள் முன்கூட்டியே பார்த்துவிடச் சொல்கிறார்கள்.

ஹோல்டர் என்றால் நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டி, வயர்களை ஒரு சின்னப் பெட்டியில் மாட்டி, ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்வது. சேலத்து மே மாத வெயிலில் வேர்வைக்கு ஸ்டிக்கர் நிற்காது. குழந்தையும் பிய்த்துப் போடும். என் மாமியார் இறுக்கமான பனியனை முன்பின்னாக மாட்டிவிட்டார், அதற்கப்புறம் அவள் கை போகவே இல்லை. வலிப்பு வந்தால் மணியைக் குறித்து வையுங்கள். அந்த நேரத்துப் பதிவைத்தான் டாக்டர் முதலில் தேடுவார்.

வலிப்பின்போது துடிப்பு எகிறுவது சகஜம். அரிதாகச் சிலருக்கு ரொம்பவும் குறைந்துபோகும். இந்தக் குழந்தைகள் விஷயத்தில் எல்லோரும் அஞ்சும் திடீர் மரணம் பெரும்பாலும் தூக்கத்தில், பெரிய வலிப்பை ஒட்டி நேர்கிறது. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் இருந்தபோதே அப்படி இறந்தவர்களின் பதிவுகளைப் பார்த்தால், மூச்சு முதலில் நின்று, இதயம் அதற்குப் பிறகே நின்றிருக்கிறது. ஆகவே ஈசிஜி நார்மல் என்று வந்தாலும் ராத்திரிக் காவலை விட்டுவிடாதீர்கள். நாங்கள் இன்றும் அவள் பக்கத்திலேயே படுக்கிறோம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நின்ற பிறகும் மூச்சு சீராகும்வரை பார்த்துக்கொண்டே இருப்போம். ஐந்து நிமிடம் தாண்டினால் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே, டாக்டர் சொன்ன அளவு; உடனே ஆஸ்பத்திரி. ஏற்காடு மலையில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது அந்த ஸ்ப்ரே என் கைப்பையில்தான் இருக்கும்.

ஈசிஜியில் க்யூடி இடைவெளி என்று ஒரு அளவு வரும்; ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் சுருங்கி, அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுக்கும் நேரம் அது. அது நீண்டிருந்தால் சில சாதாரண மருந்துகளே துடிப்பைக் கெடுக்கலாம்: அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், வாந்திக்குத் தரும் ஒண்டான்செட்ரான் மாதிரி. வெறும் காய்ச்சலுக்குத் தெருமுனை கிளினிக்குப் போனாலும் அந்த ஈசிஜி தாளைக் காட்டிவிட்டு மருந்து எழுதச் சொல்லுங்கள்.