சமீபத்தில் பார்த்த ஆவணப்படங்களில் எதைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது?

பழையது ஒன்று, புதியது ஒன்று: ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் ‘நானூக் ஆஃப் த நார்த்’ (1922), பீட்டர் ஜாக்சனின் ‘தே ஷால் நாட் க்ரோ ஓல்ட்’ (2018). இரண்டுமே நிஜத்தில் கை வைத்த படங்கள்தான், கை வைத்த இடம் மட்டும் வேறு. ஊர் முழுக்கத் திட்டுவது முதல் படத்தை. எனக்கு உறுத்துவது இரண்டாவது.

‘நானூக்’ கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பக்கம் வாழும் இனுயிட் மக்களைப் பற்றியது. நாயகனின் உண்மைப் பெயர் அல்லகரியல்லக். படத்தில் மனைவியாக வருபவர் அவருடைய மனைவி இல்லை. துப்பாக்கி புழக்கத்துக்கு வந்த பிறகும் ஈட்டியால் வேட்டையாடச் சொல்லி எடுத்தார் ஃப்ளாஹர்ட்டி. இதெல்லாம் பலரும் எழுதித் தீர்த்த குற்றப்பட்டியல்.

ஆனால் இக்லூ எனும் பனிவீட்டைக் கட்டும் காட்சியை நிதானமாகப் பாருங்கள். வால்ரஸ் தந்தக் கத்தியை நாக்கால் நக்குகிறார். எச்சில் உறைந்து அலகு வழவழப்பாகிறது, பிறகு பனியை அறுக்கிறார். கட்டி முடித்ததும் சுவரில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அங்கே தெளிந்த பனிக்கட்டிப் பாளம் ஒன்றை ஜன்னலாகப் பதிக்கிறார். வெளிச்சம் பட்டு உள்ளே திரும்ப, பக்கத்திலேயே ஒரு வெள்ளைப் பனித்துண்டை நிறுத்தி வைக்கிறார். இந்தக் கைப்பழக்கத்தை யாரும் சொல்லிக் கொடுத்து நடிக்க வைக்க முடியாது.

அடுத்து வருகிற உள்காட்சிதான் செட்டப். ஜன்னல் வெளிச்சம் அன்றைய ஃபிலிமுக்குப் போதாது, கேமரா வைக்கவும் இடம் இல்லை. அதனால் பெரிய இக்லூ ஒன்றைக் கட்டி, பாதிச் சுவரை எடுத்துவிட்டுப் படம் பிடித்தார்கள். மேல்சட்டை இல்லாமல் படுத்து எழும் அந்தக் குடும்பத்துக்கு அது கிட்டத்தட்ட திறந்தவெளிக் குளிர். பொய்தான், ஆனாலும் லென்ஸுக்கு முன்னால் நடந்தது ஃபிலிமில் அப்படியே இருக்கிறது.

ஜாக்சன் படத்தில் ஃபிலிமே மாறிவிடுகிறது. அவர் எடுத்துக்கொண்ட பழைய முதல் உலகப் போர்க் காட்சிகள் கையால் சுழற்றும் கேமராவில் எடுத்தவை. வேகம் நொடிக்கு 10 முதல் 18 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வரை ஏறி இறங்கும். 16 ஃபிரேமில் எடுத்ததை, சினிமாவின் வழக்கமான வேகமான 24-இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம், பழைய படங்களில் எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவது இதனால்தான். இதைச் சரிசெய்ய இடைப்பட்ட ஃபிரேம்களைக் கணினி உருவாக்குகிறது. 13 ஃபிரேமில் எடுத்த காட்சி என்றால் ஒரு நொடிக்கு 11 ஃபிரேம் புதிது. கிட்டத்தட்ட பாதி, எந்தக் கேமராவும் பார்க்காதது!

எங்கே சொதப்பும் என்றால், வேகமாக அசையும் விரல், சக்கரத்தின் ஆரக்கால், புகையின் ஓரம். முன்ஃபிரேமிலும் பின்ஃபிரேமிலும் எது எங்கே போனது என்று கணினிக்குப் பிடிபடாதபோது அந்த இடம் இழுபட்டுக் கரையும். ஃபிலிமின் மணல்மணலான தன்மையைத் துடைத்தெடுத்தால் முகத்தில் மெழுகுப் பூச்சு வரும். உதட்டசைவு படிப்பவர்களை வைத்து வசனம் கண்டுபிடித்துக் குரல் கொடுத்தது அசாத்திய உழைப்பு, மறுக்கவில்லை. நேரடிச் சண்டைக்குக் காட்சியே இல்லாததால் அந்த இடத்தில் அக்காலப் பத்திரிகை ஓவியங்களைப் போட்டார்கள். படத்திலேயே நேர்மையான பகுதி அதுதான் என்பேன்.

பார்ப்பதற்கு முன் டிவியின் பட அமைப்பில் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று கம்பெனிக்கு ஒரு பெயர் இருக்கும். அணைக்காவிட்டால் டிவியும் தன் பங்குக்கு ஃபிரேம் சேர்க்கும், எது ஜாக்சன் செய்தது, எது டிவி செய்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.