பத்து வருடமாக அடிக்கும் டை இப்போது மட்டும் ஏன் அரிக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது: அம்மாவுக்கு 56 வயது, பத்து வருடமாக ஒரே ஹேர் டைதான், கடைசி இரண்டு தடவை அடித்த பிறகு காதோரமும் பின்கழுத்தும் அரிக்கிறது. அம்மோனியா இல்லாத மூலிகை டைக்கு மாறினால் சரியாகிவிடுமா?

மாறுவது அப்புறம் இருக்கட்டும். முதலில் டை அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இதே அரிப்பைத்தான் கவனிக்காமல் விட்டோம்.

என் அப்பா இருபது வருடமாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கெட்டைக் கிழித்து, கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்து, பழைய டூத் பிரஷால் தலை, கிருதா, மீசை எல்லாவற்றுக்கும் அடித்துக்கொள்வார். ஒரு தடவை நெற்றியோரம் அரிக்கிறது என்றார். வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டோம். அடுத்த மாதம் காதுமடல் தடித்தது. தேங்காய் எண்ணெய் தடவினோம். மூன்றாவது தடவை, தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அடித்தார். மறுநாள் காலையில் இமைகள் வீங்கி அவரால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. காதுக்குப் பின்னால் மஞ்சளாக நீர் வடிந்து தலையணை உறை காதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துணி வைத்து மெதுவாகப் பிரித்தெடுத்தேன். ஸ்டீராய்டு மாத்திரை போட்டும் முகம் வடிய ஒரு வாரம் ஆனது. கல்யாண ஆல்பத்தில் அப்பாவின் கண்கள் வெறும் கோடாகத்தான் இருக்கின்றன.

“இருபது வருஷமா ஒண்ணும் ஆகலையே டாக்டர்” என்றுதான் அவரும் கேட்டார். விஷயமே அங்கேதான் இருக்கிறது. கறுப்பு டைகளில் பெரும்பாலும் இருக்கும் பொருள் பாரா ஃபினைலீன் டையமின், சுருக்கமாக பி.பி.டி. இந்த ஒவ்வாமை முதல் நாளே வர வேண்டும் என்பதில்லை. திரும்பத் திரும்பப் படும்போது ஏதோ ஒரு கட்டத்தில் உடம்பு அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்கிறது. அப்புறம் பொதுவாக ஆயுளுக்கும் மறப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கடுமையாக வரலாம். அடித்த உடனே தெரியாமல் சில மணி நேரமோ, ஓரிரண்டு நாளோ கழித்து வருவதால் பலர் டையைச் சந்தேகப்படுவதே இல்லை. சாப்பாட்டையோ வெயிலையோ குறை சொல்வார்கள்.

இப்போது அம்மோனியா. அது முடியின் மேலடுக்கைத் திறந்து சாயம் உள்ளே போக வழிசெய்வது. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி அதனுடையதுதான். அதை எடுத்துவிட்டால் நெடி குறையும், பி.பி.டி. அப்படியே இருக்கலாம். ‘மூலிகை’ என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருப்பதும் இதற்குப் பதில் ஆகாது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். டொலுயீன் 2,5 டையமின் என்று இருந்தாலும் எச்சரிக்கை தேவை. பி.பி.டி. ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை.

‘கறுப்பு ஹென்னா’ என்று விற்பது இன்னும் ஏமாற்றக்கூடியது. மருதாணி இலை கையில் எப்படிச் சிவக்கும் என்று நமக்குத் தெரியாதா? வெறும் மருதாணி அரைமணி நேரத்தில் முடியைக் கறுப்பாக்காது. ஆக்கினால் அதில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. திருவிழாக் கடைகளில் குழந்தைகள் கையில் கறுப்பாகப் போட்டுவிடும் டிசைன்களிலும் பி.பி.டி. இருக்கலாம். சின்ன வயதிலேயே அப்படி அதை எதிரியாக அடையாளம் கண்டுகொண்ட உடம்பு, பெரியவர்களாகி முதல்முறை டை அடிக்கும்போதே பொங்கிவிடலாம். தயவுசெய்து குழந்தைகளுக்கு அதைப் போடாதீர்கள்.

புருவத்துக்கும் இமைக்கும் போடக் கூடாது, பார்வை போகலாம் என்று டை பாக்கெட்டில் ஒரு எச்சரிக்கை இருக்கும். சும்மா எழுதியதல்ல. 1930களில் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச் சாயத்தால் பெண்களுக்குப் பார்வை போனது, ஒருவர் இறந்தும் போனார். அதில் இருந்ததும் பி.பி.டி. வகைச் சாயம்தான்.

வீட்டில் இதுவரை தொந்தரவே இல்லாமல் டை அடிப்பவர்கள், பாக்கெட்டில் சொன்னபடி கொஞ்சம் டையைக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும். முதல் தடவை மட்டும் போதாது, ஒவ்வொரு தடவையும். ஆனால் உங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே அரித்துவிட்டதால் இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். தோல் டாக்டரிடம் போனால் முதுகில் பட்டை ஒட்டிப் பரிசோதிப்பார்கள். டை பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். டை பட்டுக் கண் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்பா இப்போது முதலில் மருதாணிப் பொடி, அலசிவிட்டு அவுரிப் பொடி (நீலச் சாயம் தரும் இண்டிகோ செடியின் இலைப்பொடி) என்று இரண்டு கட்டமாகப் போடுகிறார். முழு ஞாயிறு காலையும் அதற்கே போய்விடுகிறது, கறுப்பும் பழைய டை அளவுக்கு அடர்த்தி இல்லை. அவுரி என்று எழுதிய பாக்கெட்டிலும் கலப்படம் இருக்கலாம் என்பதால், பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, நான் படித்துவிட்டுச் சரி என்ற பிறகுதான் பிரிக்கிறார்.