கல் ஏன் வெளியே ஓடுகிறது?

கே: பைத்தான் நிரல்மொழியில் ஒரு கருந்துளையும் அதைச் சுற்றிவரும் சின்னக் கல்லும் எழுதினேன், நியூட்டன் சூத்திரம்தான். ஆனால் சுற்றுக்குச் சுற்று கல் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளேதானே இழுக்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, தொண்டி

ப: கருந்துளை மேல் பழி போடாதீர்கள் தங்கச்சி, கோளாறு உங்கள் லூப்புக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல் வரிகளுக்குள் இருக்கிறது. அனுப்பியிருந்த நிரலில், முதலில் பழைய வேகத்தை வைத்துக் கல்லை நகர்த்துகிறீர்கள், அப்புறம் பழைய இடத்தில் கணக்கிட்ட ஈர்ப்பை வைத்து வேகத்தை மாற்றுகிறீர்கள். ஆய்லர் முறை என்பது இதுதான். வளைந்து போக வேண்டிய கல் ஒவ்வொரு அடியிலும் (கணக்கு ஒருமுறை தாவும் நேரத் துண்டு) நேர்கோட்டில் போய் மயிரிழை வெளியே நிற்கும், ஆற்றலும் மயிரிழை கூடும், ஆயிரக்கணக்கான அடி சேர்ந்தால் ஊரைவிட்டே போய்விடும். அடியைச் சின்னதாக்கினால் நோய் தள்ளிப்போகும், தீராது. அந்த இரண்டு வரிகளை இடம் மாற்றுங்கள்: முதலில் வேகம், பிறகு அந்தப் புது வேகத்தால் இடம். அவ்வளவுதான். ஆற்றல் லேசாக ஏறி இறங்கும், ஆனால் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போகாது. சுற்றுக்கு ஒருமுறை ஆற்றலைப் பிரிண்ட் செய்து பாருங்கள், தெரியும்.

கே: சுழலில் மாட்டிய வள்ளம் மாதிரி, கருந்துளைப் பக்கம் போனதெல்லாம் உள்ளே போய்விடும் என்கிறான் என் மகன். நிஜமா?
– மீனவர், மண்டபம்

ப: எவ்வளவு பக்கம் என்பதைப் பொறுத்தது அண்ணே. சுழலில் தண்ணீர் வள்ளத்தைப் பிடித்து இழுக்கும், வெற்று வெளியில் அப்படிப் பிடிக்க எதுவும் இல்லை. சூரியனை எடுத்துவிட்டு அதே எடையில் கருந்துளையை வைத்தால் பூமி இதே பாதையில்தான் சுற்றும் (குளிரில் நாம் விறைத்துப்போவது வேறு கதை). அந்தக் கருந்துளையின் விளிம்பு, அதாவது ஒளிகூடத் தப்ப முடியாத எல்லை, மையத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கும். தன்னைத்தானே சுழலாத கருந்துளை என்றால் அதைப்போல 3 மடங்கு, அதாவது சுமார் 9 கிலோமீட்டர் வரை வட்டமடிக்கலாம், அதற்கும் உள்ளே போனால் லேசாகத் தட்டினாலே போதும், கதை முடிந்தது.

நியூட்டன் சூத்திரத்தில் இந்த எல்லையே கிடையாது, தொண்டித் தங்கச்சியும் கவனிக்க. பாச்சின்ஸ்கி, வீட்டா என்ற வானியற்பியலாளர்கள் 1980-இல் ஒரு குறுக்குவழி கொடுத்தார்கள்: நிலையாற்றல் சூத்திரத்தில் தூரம் வரும் இடத்தில், தூரத்திலிருந்து விளிம்பின் ஆரத்தைக் கழித்துப் போடுவது. எல்லை கச்சிதமாக அதே 3 மடங்கில் வந்து நிற்கும். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான முழு பொதுச் சார்பியல் ஆகாதுதான், ஆனால் லேப்டாப்பில் விளையாட எனக்கு இதுவே பிடிக்கும்.

நிஜ உதாரணமும் இருக்கிறது. பால்வெளியின் நடுவில் சூரியனைப்போல சுமார் 43 லட்சம் மடங்கு எடையுள்ள கருந்துளையை எஸ்2 என்ற நட்சத்திரம் 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. 2018 மே மாதம் மிக நெருங்கி வந்தது, விழவில்லை, திரும்பிப் போய்விட்டது. அதன் நீள்வட்டமே ஐன்ஸ்டைன் சொன்னபடி கொஞ்சம் திரும்புவதை 2020-இல் அறிவித்தார்கள்.

கே: இதற்கெல்லாம் சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாமா?
– ஆசிரியர், கீழக்கரை

ப: ஒரு கல்லுக்கு உங்கள் பள்ளிக் கம்ப்யூட்டரே போதும் சார். கல்லுக்குப் பதில் சின்னக் கருந்துளை ஒன்று பெரியதைச் சுற்றும்போதுதான் கஷ்டம். ஈர்ப்பலைகளாக (வெளியிலேயே பரவும் சிற்றலைகள்) ஆற்றலை இழந்து, பல்லாயிரம் சுற்றுகள் சுற்றி மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். அங்கே சின்னதன் சொந்த ஈர்ப்பே அதன் பாதையைத் திருத்தும், அத்தனை சுற்றுக்கும் கணக்கு பிசகக் கூடாது. அந்த அலைகளைப் பிடிக்கத்தான் ஒன்றுக்கொன்று 25 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் 3 விண்கலங்கள் கொண்ட லிசா திட்டத்துக்கு ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது.