வயோமிங்: ஓட்டுப் போட்ட பெண்களும் எரிந்துபோன ராக் ஸ்பிரிங்ஸும்

கேள்வி: அமெரிக்காவில் பெண்களுக்கு முதலில் ஓட்டுரிமை தந்தது வயோமிங்தானா? மாடு மேய்ப்பவர்களும் சுரங்கத் தொழிலாளிகளும் நிறைந்த இடத்தில் அது எப்படி நடந்தது?

பதில்: நியூ ஜெர்சியில் சொத்துள்ள பெண்கள் 1807 வரை ஓட்டுப் போட்டார்கள், அப்புறம் அதைப் பறித்துவிட்டார்கள். பறிக்க முடியாதபடி நிலைத்தது வயோமிங்கில்தான். 1869 டிசம்பர் 10-ல் ஆளுநர் கேம்ப்பெல் சட்டத்தில் கையெழுத்திட்டபோது அது மாநிலம்கூட இல்லை, வெறும் பிரதேசம். மசோதாவைக் கொண்டுவந்த வில்லியம் பிரைட், சவுத் பாஸ் சிட்டியில் மதுக்கடை நடத்தியவர். எல்லாருமே நியாயத்துக்காக ஆதரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பெண்கள் மிகக் குறைவாக இருந்த அந்தப் பிரதேசத்துக்கு நாடெங்கும் பெயர் கிடைக்கும், குடும்பங்கள் குடியேற வரும் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு, ஜனநாயகக் கட்சிக்காரர்களே நிறைந்த அந்தச் சபையில் குடியரசுக் கட்சி ஆளுநரைச் சங்கடத்தில் மாட்டிவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு.

ஆனால் கிடைத்ததைப் பெண்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1870-ல் எஸ்தர் மோரிஸ் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தார், அதே சவுத் பாஸ் சிட்டியில். செப்டம்பர் 6 காலை லாரமியில், எழுபதை நெருங்கிய லூயிசா ஸ்வெயின், ஈஸ்ட் வாங்கத் தகர வாளியோடு கிளம்பியவர், வழியில் வாக்குச்சாவடிக்குள் நுழைந்து அந்தச் சட்டத்தின்படி முதல் ஓட்டைப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அடுத்த வருடமே சட்டத்தை ரத்து செய்யப் பார்த்தது சபை. ஆளுநர் மறுத்துவிட, அதை மீற ஒரே ஒரு ஓட்டு குறைந்துபோனது! 1890 ஜூலை 10-ல் 44-வது மாநிலமாகச் சேர்ந்தபோதும் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. 1925-ல் நெல்லி ராஸ் அங்கே ஆளுநரானார், நாட்டிலேயே முதல் பெண் ஆளுநர்.

கேள்வி: அப்படியானால் அது முற்போக்கான மாநிலம் என்று சொல்லலாமா?

பதில்: 1885 செப்டம்பர் 2-ஐப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளிகளை வெள்ளைத் தொழிலாளிகள் துப்பாக்கியோடு துரத்தி, குடியிருப்பைக் கொளுத்தினார்கள். குறைந்த கூலிக்கு வருகிறார்கள், வேலைநிறுத்தத்தில் சேர மறுக்கிறார்கள் என்ற ஆத்திரம் ஒருபக்கம், இனவெறி ஒருபக்கம். செத்தவர்கள் 28 பேர். பதினாறு பேரைக் கைது செய்தார்கள், ஆனால் ஒருவர்மீதுகூடக் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. எரிந்த உடைமைகளுக்காக வாஷிங்டன் பிற்பாடு சுமார் 1,47,000 டாலர் கொடுத்தது, அவ்வளவுதான்.