மூளைக்குப் பரவிய புற்றுநோயும் இரத்த-மூளைத் தடுப்பும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். இப்போது மூளையிலும் நான்கு கட்டிகள். இரத்த-மூளைத் தடுப்பு உடைந்துவிட்டது என்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

பதில்: ‘உடைந்துவிட்டது’ என்ற சொல்தான் பலரையும் குழப்புகிறது. மூளையின் நுண்குழாய்களில் உட்சுவர்ச் செல்கள் நெருக்கமாகத் தைத்ததுபோல் ஒட்டியிருக்கும். அவற்றைப் பெரிசைட்டுகள் என்ற துணைச் செல்களும், ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற மூளைச் செல்களின் பாதம்போன்ற நுனிகளும் வெளியிலிருந்து அணைத்துக்கொண்டிருக்கும். உள்ளே நுழையப் பார்க்கும் பல மருந்துகளைத் திரும்ப இரத்தத்துக்கே தள்ளும் பம்புகளும் உண்டு. இதெல்லாம் சேர்ந்ததுதான் தடுப்பு.

புற்றுநோய்ச் செல் இந்தச் சுவரைத் தகர்ப்பதில்லை. நுண்குழாயில் சிக்கி, நாள்கணக்கில் தங்கி, செல்களுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு நுழைகிறது. அப்போது சுவர் பெரும்பாலும் முழுதாகவே இருக்கும். கட்டி வளர்ந்து, விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து, புதுக் குழாய்களை வரவழைக்கும்போதுதான் கசிவு கூடுகிறது. அந்தக் குழாய்களின் தையல் தளர்வானது. கசிந்த நீர் சுற்றியுள்ள மூளைத் திசுவில் தேங்கினால் அதுதான் வீக்கம். தலைவலி, கைகால் பலவீனம் எல்லாம் பல நேரங்களில் கட்டியைவிட வீக்கத்தால்தான் வருகின்றன.

கேள்வி: எம்ஆர்ஐயில் கட்டி ஏன் வெள்ளையாக ஒளிர்கிறது?

பதில்: ஊசியில் போடும் காடோலினியம் என்ற ஒளிர்வூட்டும் மருந்து கசிகிற இடத்தில் வெளியேறித் தங்குவதால். ஆக, நீங்கள் பார்ப்பது கசிவை.

வேறொருவர் கேள்வி: டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் நாளே அப்பா தெளிவாகிவிட்டார். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அது தளர்ந்த தையலை இறுக்கி வீக்கத்தைக் குறைக்கிறது, கட்டி அப்படியேதான் இருக்கிறது. சட்டென விட்டால் வீக்கம் திரும்பும். பல வாரம் எடுத்திருந்தால் உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும், அது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: தடுப்புதான் கசிகிறதே, பிறகு கீமோ ஏன் பலிக்கவில்லை?

பதில்: இதுதான் மையமான கேள்வி. கசிவு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. ஒரே தலைக்குள் ஒரு கட்டி நன்றாகக் கசியும், பக்கத்துக் கட்டி கசியாது. ஒரே கட்டியில் நடு ஒரு மாதிரி, ஓரம் ஒரு மாதிரி. மார்பகப் புற்றுநோய் பரவிய எலி மூளைகளில் 2010-ல் வெளியான ஆய்வு இதை அளந்து காட்டியது: பெரும்பாலான கட்டிகளில் கசிவு கூடியிருந்தது, ஆனால் சுமார் 10 சதவீதத்தில்தான் மருந்து செல்லைக் கொல்லும் அளவை எட்டியது.

அவரே மறுபடி: ஏற்க முடியவில்லை. கொஞ்சம் போகிறதென்றால் டோஸைக் கூட்டினால் போதுமே?

பதில்: மூளைக்குப் போதுமான அளவு வருவதற்குள் எலும்பு மஜ்ஜை தாங்காமல் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டிகளில் தடுப்பு ஏறக்குறைய முழுதாக நிற்கிறது, பம்புகளும் வேலை செய்கின்றன. நாளைக்குப் பெரிதாகப்போவது அவைதான்.

அவரே: அப்படியானால் தடுப்பை நாமே திறந்துவிடலாமே? அல்ட்ராசவுண்டால் முடியும் என்று படித்தேன்.

பதில்: சரியாகப் படித்திருக்கிறீர்கள். இரத்தத்தில் நுண்குமிழிகளைச் செலுத்தி, குறித்த இடத்தில் ஒலி அலையைக் குவித்தால் அங்கே மட்டும் தடுப்பு சில மணி நேரம் திறந்து பிறகு மூடிக்கொள்கிறது. மனிதர்களிடம் சோதனைகள் நடக்கின்றன, எனக்கும் இதில் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் இன்று கையில் இருப்பது வேறு வழி: தடுப்பைத் தாண்டிப் போகும் மருந்து. ஒசிமெர்டினிப், லோர்லாடினிப் போன்றவை மூளைக் கட்டிகளையும் சுருக்குகின்றன, கட்டியில் அதற்குரிய மரபணு மாற்றம் இருந்தால். கதிர்வீச்சுக்கோ தடுப்பு ஒரு தடையே இல்லை.

கேள்வி: ஸ்டீராய்டால் முகம் வீங்குகிறது, இன்றோடு விட்டுவிடலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். நீங்களாக விடாதீர்கள்.

கேள்வி: தூக்கமே இல்லை, அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தினால்...

பதில்: மூன்றாவது முறையாக இதே கேள்வி. நிறுத்தாதீர்கள், இன்றே மருத்துவரை அழையுங்கள். மாத்திரை நேரத்தைக் காலைக்கு மாற்றினாலே பலருக்குத் தூக்கம் வருகிறது, அதையும் அவரிடம் கேளுங்கள்.

முதலில் கேட்டவர்: அம்மாவுக்கு மரபணுச் சோதனை பற்றி யாரும் பேசவில்லை டாக்டர்.

பதில்: நாளையே கேளுங்கள். ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற இரண்டு மரபணுக்களையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், மேலே சொன்ன மருந்துகள் பார்ப்பது இவற்றின் மாற்றத்தைத்தான். பயாப்சி திசு மிச்சமிருந்தால் அதிலேயே பார்க்கலாம். முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.