புதுக் கேம்பிங் கத்தி: விறகில் வைக்கும் முன்னும் பின்னும்

கேள்வி: ஆன்லைனில் ஒரு கேம்பிங் கத்தி வாங்கியிருக்கிறேன். அலகு 13 செ.மீ., தடிமன் 4 மி.மீ., 1095 ஸ்டீல், ரப்பர் பிடி, ‘ஃபுல் டாங்’ என்று போட்டிருந்தார்கள். திருப்பிக் கொடுக்க ஏழு நாள் அவகாசம். விறகு பிளக்கவும் கூடார முளை சீவவும் தாங்குமா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: முதல் நாளே விறகில் இறக்கிவிடாதீர்கள். அலகில் ஒரு கீறல் விழுந்தாலே ‘பயன்படுத்திய பொருள்’ என்று சொல்லி விற்பனையாளர் மறுக்கலாம். தடம் விழாமல் பார்க்கக்கூடியதை எல்லாம் முதலில் பார்த்து முடியுங்கள்.

கத்தியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து முதுகுப் பக்கம் பாருங்கள். பிடியிலிருந்து முனை வரை வளைவு இருக்கக் கூடாது. அடுத்து ‘ஃபுல் டாங்’. அப்படியென்றால் அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓட வேண்டும். மரப்பிடியாக இருந்தால் ஓரத்திலேயே தெரிந்துவிடும். ரப்பர் வார்த்த பிடியில் தெரியாது. பழைய ஸ்பீக்கரில் இருக்கும் மாதிரி நல்ல காந்தம் ஒன்றை அலகிலிருந்து பிடியின் மேல் மெல்ல நகர்த்துங்கள். இழுப்பு பாதிப் பிடியிலேயே விட்டுப்போனால் இரும்பும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிட்டது என்று அர்த்தம். சொன்னது ஒன்று, அனுப்பியது வேறு. திருப்பிக் கொடுக்க இந்த ஒரு காரணமே போதும். காந்தம் நகர்வதை வீடியோ எடுத்து வையுங்கள்.

பிறகு டியூப்லைட்டுக்குக் கீழே கத்தியின் வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, மேல்நோக்கிப் பிடித்து நேராகப் பாருங்கள். நல்ல கூர் கண்ணுக்குத் தெரியாது. எங்கே வெள்ளையாக மின்னுகிறதோ அங்கே மழுங்கியோ மடங்கியோ இருக்கிறது. உறையையும் விட்டுவிடாதீர்கள்: கத்தியைப் போட்டு, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் விழக் கூடாது.

இதெல்லாம் தேறினால் மர வேலைக்குப் போகலாம். லேசான வேலையில் தொடங்கிக் கனமான வேலைக்குப் போங்கள். அப்போதுதான் எந்த வேலையில் கெட்டது என்று தெரியும். பெருவிரல் தடிமனுள்ள காய்ந்த சவுக்குக் குச்சியை, தீ மூட்டுவதற்குச் சீவுவதுபோல், மெல்லிய சுருளாகப் பத்து நிமிடம் சீவுங்கள். கையுறை வேண்டாம். உள்ளங்கையில் ஒரே இடம் சிவந்து எரிந்தால் பிடியின் அமைப்பு உங்கள் கைக்குச் சரியில்லை. பிறகு 25 செ.மீ. நீளத்தில் ஒரு கூடார முளை: ஒரு நுனியைக் கூராக்கி, மறு நுனியிலிருந்து 4 செ.மீ. கீழே கயிறு மாட்ட ஒரு வெட்டு. அந்த வெட்டின் மூலை சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள்.

கடைசியாகப் பிளப்பது. 5, 6 செ.மீ. குறுக்களவுள்ள, முடிச்சில்லாத கட்டை போதும். அதைவிட ரொம்பப் பெருத்தால் மறுபக்கம் தட்டுவதற்கு முனை போதிய அளவு வெளியே நீளாது. முதுகில் மரக்கட்டையால்தான் தட்ட வேண்டும். சுத்தியல் கூடவே கூடாது. நடுவில் சிக்கிக்கொண்டால் திருகாதீர்கள். வாய் சில்லு தெறிப்பது பெரும்பாலும் அந்தத் திருகலில்தான். மூங்கில் எளிதில் பிளக்கும், ஆனால் அதில் உள்ள சிலிக்கா கூரைச் சீக்கிரம் மழுக்கும். இளநீர் சீவுவதையும் தேங்காய் உடைப்பதையும் இந்தக் கத்தியிடம் கேட்காதீர்கள். அருவாளின் கனம் இதற்கு இல்லை.

ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் சிறு பஞ்சை வாய் நெடுக இழுங்கள். நார் சிக்கும் இடத்தில்தான் பழுது. வாய் மடங்கியிருந்தால் பதம் (இரும்பின் கடினத்தன்மை) குறைவு, அல்லது கூர் அளவுக்கு மீறி மெல்லிசு. சில்லு தெறித்திருந்தால் பதம் கூடுதல். ஆனால் உடனே முடிவு கட்ட வேண்டாம். ஆலையில் பெல்ட்டில் தீட்டும்போது சூடேறி, ஓரத்து இரும்பு மட்டும் கெட்டிருப்பதும் உண்டு. 400, பிறகு 1000 எண் சாணைக்கல்லில் பக்கத்துக்கு 20 டிகிரியில் தீட்டுங்கள். 3 செ.மீ. அகல அலகுக்கு முதுகைக் கல்லிலிருந்து 1 செ.மீ. உயர்த்தினால் அந்தக் கோணம் வந்துவிடும். இரண்டு முறை தீட்டிய பிறகும் அதே சவுக்கில் சில்லு தெறித்தால் குறை கத்தியில்தான்.

பழுது கண்டதுமே, தீட்டுவதற்கு முன்னால், படத்தோடு விற்பனையாளருக்கு எழுதிவிடுங்கள். ஏழு நாள் என்பது கடையின் திருப்பி வாங்கும் விதி. உற்பத்திக் குறைக்கு உங்கள் உரிமை அதோடு தீர்ந்துவிடுவதில்லை. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2 ஆண்டு வரை அவகாசம் உண்டு. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம்.

கேள்வி: எலுமிச்சை நறுக்கிய பிறகு அலகு சாம்பல் கறுப்பாகிவிட்டது. போலி ஸ்டீலா?

பதில்: இல்லை. 1095 கார்பன் ஸ்டீல். துருவைத் தடுக்கும் அளவுக்கு அதில் குரோமியம் கிடையாது. புளிப்புப் பட்டால் கறுக்கத்தான் செய்யும், அந்தக் கறுப்புப் படலம் துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். செம்மஞ்சளாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு. கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மாதக்கணக்கில் தோல் உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேள்வி: இதை மலைக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் கத்திதான் ஆயுத விதிகளுக்குள் வரும். அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவை சேராது. உங்கள் கத்தி அந்த நீளத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் சரணாலயமும் தேசியப் பூங்காவும் வேறு கணக்கு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதில் கத்தியையும் சேர்க்கிறது. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டுபோக முடியாது. விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் உறையோடு வையுங்கள்.